பூச்சு வேலை பழகும்போது: சுவரில் தெரியும் கோளாறும் அதன் காரணமும்

பூச்சு கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் கரணை பிடித்த கையைத்தான் பார்ப்பார்கள். பழகுபவரும் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, அதே சுவரில் இன்னும் அழுத்தித் தேய்ப்பார். ஆனால் பெரும்பாலான கோளாறுகளுக்கு விதை விழுவது கரணை சுவரைத் தொடுவதற்கு முன்பே: சுவரின் தூசியில், மணலில், தண்ணீரின் அளவில், கலவை சட்டியில் காத்திருந்த நேரத்தில். கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து காரணத்தைப் பிடிப்பதுதான் இங்கே வழி. எந்த நேரத்தில் தெரிகிறது என்ற வரிசையில் எழுதியிருக்கிறோம்: முதலில் கலவை ஈரமாக இருக்கும்போது, பிறகு மறுநாள், பிறகு வாரங்கள், மாதங்கள் கழித்து.

பயிற்சிச் சுவர் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்கூடங்களில் சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்து பூசச் சொல்வார்கள். அது சீக்கிரம் இறுகாது, சுரண்டி எடுத்து மறுபடி குழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். கை பழக அது மிக நல்லது. ஆனால் இறுகும் நேரம், வெடிப்பு, பொக்கை (பூச்சு சுவரிலிருந்து பிரிந்து உள்ளே வெற்றிடமாக நிற்பது) ஆகிய மூன்றையும் அந்தக் கலவை சரியாகக் காட்டாது. ஆகவே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவிலாவது சிமெண்ட் கலவையில் ஒரு பகுதியைப் பூசி, தண்ணீர் ஆற்றி (காயாமல் நனைத்து வைத்து), 28 நாள் அதைக் கவனித்துப் பாருங்கள். கோளாறு கண்டுபிடிக்கும் பாடம் அங்கேதான் கிடைக்கும்.

எதையும் சோதிக்கும் முன் கையில் இருக்க வேண்டிய அளவுகள்

உள்சுவருக்கு 1:6 (சிமெண்ட் 1 பங்கு, மணல் 6 பங்கு), 12 மி.மீ. கனம். சுவரின் சொரசொரப்பான பக்கமானால் 15 மி.மீ. வெளிச்சுவருக்கு 1:4 அல்லது 1:5, இரண்டு பூச்சாக மொத்தம் 20 மி.மீ. கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்துக்கு 1:3 அல்லது 1:4, 6 மி.மீ. போதும்.

50 கிலோ சிமெண்ட் மூட்டை கனஅளவில் கிட்டத்தட்ட 35 லிட்டர். உள்அளவு 40 × 35 × 25 செ.மீ. உள்ள ஒரு பெட்டி செய்துகொண்டால் அது சரியாக ஒரு மூட்டை கொள்ளும்; மணலையும் அதே பெட்டியில் அளக்கலாம். சட்டிக் கணக்கில் மணல் போட்டால் ஒருவர் குவித்துப் போடுவார், ஒருவர் தலைதட்டிப் போடுவார், கலவைக்குக் கலவை மாறும்.

10 சதுர மீட்டர் சுவருக்கு 12 மி.மீ. கனத்தில், 1:6 கலவையில், சேதாரமும் செங்கல் இணைப்பில் போவதும் சேர்த்து, சுமார் 40 கிலோ சிமெண்டும் 170 லிட்டர் மணலும் பிடிக்கும். இதைவிட வெகுவாக அதிகம் இழுத்தால் சுவர் தூக்கில் (நேர் செங்குத்தில்) இல்லை, நீங்கள் கனத்தைக் கூட்டி அதை மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தக் கனம் பின்னால் வெடிப்பாகத் திரும்பி வரும்.

கலவை சுவரில் நிற்காமல் விழுகிறது

விழுந்த கட்டியைச் சட்டியில் அள்ளிப் போடுவதற்கு முன் கையில் எடுத்து, சுவரைத் தொட்டிருந்த முகத்தைத் திருப்பிப் பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

அந்த முகத்தில் செங்கல் நிறத் தூள் மாவு போல் ஒட்டியிருந்தால், சுவரைத் துடைக்கவில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். அந்த முகம் பளபளவென்று நீர் கோத்து இருந்தால், சுவர் அளவுக்கு மீறி நனைந்திருக்கிறது; உறிஞ்ச இடம் இல்லாததால் கலவை வழுக்குகிறது. மேற்பரப்பில் நீர் மினுமினுப்பு போகும்வரை விடுங்கள். கட்டியின் முகம் சிமெண்ட் கான்கிரீட் மேல்தளத்தைப் போல வழவழப்பாக அச்சுப் பதிந்திருந்தால், அடியில் இருப்பது தூணோ உத்திரமோ. அதில் கொத்துப் போடவில்லை, அதாவது சிறு குழிகளாகக் கொத்திச் சொரசொரப்பாக்கவில்லை. கலவை நடுவில் பிளந்து, பாதி சுவரிலும் பாதி தரையிலுமாக இருந்தால், ஒரே தடவையில் கனம் அதிகம். ஒரு பூச்சில் 15 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள்.

இது நான்கும் இல்லையென்றால்தான் கையைப் பார்க்க வேண்டும். கரணையிலிருந்து கலவையை வீசும்போது மணிக்கட்டு மடிந்து, கரணையின் முகம் சுவருக்கு இணையாக வந்து நிற்க வேண்டும். அப்போது கலவை தட்டையாகப் பரந்து ஒட்டும். கரணை சாய்வாக வந்தால் கலவை உருண்டையாகப் போய் மோதித் தெறிக்கும். வீசப் பயந்து தடவி ஏற்றுபவர்கள் அடியில் காற்றை அடைத்துவிடுகிறார்கள். அது அன்றைக்கு விழாது, பிறகு பொக்கையாக ஒலிக்கும்.

கலவையின் பதம்: கரணையில் அள்ளிச் சாய்த்தால் மொத்தமாக நழுவ வேண்டும். சிமெண்ட் பால் தனியாக வழிந்தால் தண்ணீர் அதிகம். சாய்த்தும் அசையாமல் கட்டியாக ஒட்டிக்கொண்டால் குறைவு.

மட்டப்பலகை இழுக்கும்போது பூச்சு பிய்ந்து வருகிறது

இரண்டு காரணங்கள். பிரித்தறிவது எளிது.

பூசிய உடனே பிய்ந்தால் சுவர் தண்ணீரைக் குடித்துவிட்டது. வெயிலில் காய்ந்த செங்கல்லும் சாம்பல் கல்லும் (நிலக்கரிச் சாம்பலில் செய்த கல்) கலவையின் நீரை ஓரிரு நிமிடத்தில் இழுத்துவிடும். முதல் நாள் மாலையில் சுவரை நனைத்து, பூசுவதற்கு முன் லேசாகத் தெளித்தால் சரியாகும். எடை குறைந்த ஏஏசி கல்லுக்கு (காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்) மட்டும் இது பொருந்தாது: அதை ஊற நனைத்தால் உள்ளுக்குள் நீரை வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும், பூச்சு வெடிக்கும். தூசியைத் துடைத்து, லேசாகத் தெளித்து, அந்தக் கல்லுக்கென்று தயாரித்த பூச்சுக் கலவையைப் பயன்படுத்துவதே நல்லது.

பூசி அரைமணி நேரம் கழித்துப் பிய்ந்தால் பலகை தாமதமாக வந்திருக்கிறது, அல்லது கலவை சட்டியிலேயே இறுகத் தொடங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றிய கலவையை 45 நிமிடத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பழகுபவருக்கு அந்த நேரத்தில் எவ்வளவு பூச முடியுமோ அவ்வளவுதான் குழைக்க வேண்டும். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பார்க்க இளகிவிடும், பூசவும் வரும். ஆனால் இறுகத் தொடங்கிய பிணைப்பு உடைந்துவிட்டது, அது திரும்பி வராது. பின்னால் சொல்லப்போகும் தூள் உதிர்தலுக்கு இதுதான் பெரிய காரணம்.

சுவர் அலை அலையாகத் தெரிகிறது

பகலில் நேர் வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாக விழும். 2 மீட்டர் பலகையை நிறுத்தி, குறுக்கே, சாய்வாக என்று மூன்று விதமாக வைத்துப் பார்த்தால் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

அலைக்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் புள்ளிகள்தான், அதாவது பூச்சின் மட்டத்தைக் காட்ட முன்கூட்டியே சுவரில் வைக்கும் சிறு கலவைத் திட்டுகள். சுவரின் நான்கு மூலையிலும் முதலில் புள்ளி வைத்து, தூக்குக்குண்டு பிடித்து மேல்கீழ் சரிபார்த்து, நூல் கட்டி, இடைப்புள்ளிகளை நூலுக்கு வைக்க வேண்டும். புள்ளிகளின் இடைவெளி கையில் இருக்கும் பலகையின் நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 2 மீட்டர் பலகைக்கு 1.5 மீட்டர் சரியாக வரும். இடைவெளி அதிகமானால் பலகைக்கு ஒரு முனைதான் தாங்கல் கிடைக்கும், மறுமுனை உங்கள் கை போன போக்கில் போகும். புள்ளிகள் இறுகுவதற்கு முன் பூசத் தொடங்கினாலும் இதே கதிதான்: பலகை புள்ளியையே அமுக்கி உள்ளே தள்ளிவிடும். முடிந்தவரை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

புள்ளிகள் சரியாக இருந்தும் அலை வந்தால் பலகையைப் பாருங்கள். வெயிலில் கிடந்து வளைந்த மரப்பலகை, ஓரத்தில் காய்ந்த சிமெண்ட் ஒட்டிய அலுமினியப் பலகை இரண்டுமே சுவரில் தன் வடிவத்தை எழுதிவிடும். இழுக்கும் முறை: கீழிருந்து மேலாக, ரம்பம் அறுப்பதுபோல் இடவலமாக அசைத்துக்கொண்டே. நேராக மேலே தூக்கினால் கலவை கிழியும்.

மூலை சதுரம் இல்லையென்றால் ஒரு சுவரில் 60 செ.மீ., மறு சுவரில் 80 செ.மீ. குறித்து, குறுக்களவு 100 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள். பூசுவதற்கு முன் பார்த்தால் புள்ளியில் சரிசெய்யலாம். பூசிய பிறகு தெரிந்தால் கொத்தி எடுப்பதுதான் வழி.

மணியாஸ் கட்டை போட்டால் மணல் உருண்டு வருகிறது, அல்லது கட்டை ஒட்டிக்கொள்கிறது

மணியாஸ் கட்டை என்பது பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் மரக்கட்டை. அது ஒட்டினால் சீக்கிரம் போட்டுவிட்டீர்கள். மணல் உருண்டால் தாமதம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: விரல் புதையாமல் மெல்லிய தடம் மட்டும் விழுந்து, விரலில் ஈரம் ஒட்டாமல் இருந்தால் அதுதான் நேரம். கொஞ்சம் தாமதமாகிவிட்டால் பிரஷ்ஷால் லேசாகத் தெளித்து வட்டமாகத் தேய்க்கலாம். முழுக்க இறுகிய இடத்தில் நீர் தெளித்துத் தேய்த்தால் மேல்தோல் மட்டும் இளகித் தனியாக நிற்கும்.

மறுநாள் சுவர் முழுக்க மெல்லிய வலைக் கீறல்

சிலந்தி வலை போல, நகம் கூட நுழையாத கீறல்கள். இது மேல்தோலில் மட்டும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கீறலுக்குள் போன நீர் தாமதமாகக் காய்வதால் வலை அப்படியே கறுப்பாகத் தெரியும்.

காரணங்களில் முதன்மையானது, ஈரம் தெரியும் இடத்தில் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பது. வேலை சீக்கிரம் முடியும் என்று பலரும் செய்கிறார்கள். அடியில் 1:6, மேலே கிட்டத்தட்ட வெறும் சிமெண்ட். இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, மேல்தோல் கிழியும். இரும்புக் கரணையால் பளபளப்பு வரும்வரை தேய்ப்பதும் அதே விளைவைத் தரும்: சிமெண்ட் பாலும் நுண்தூளும் மேலே ஏறி வந்துவிடும். மூன்றாவது, வெயிலும் காற்றும் நேரே படும் சுவரை மூடாமல் விட்டது.

தட்டினால் கெட்டியாக ஒலித்தால் உடைக்க வேண்டாம். ஏழு நாள் நன்றாகத் தண்ணீர் ஆற்றி, காய்ந்த பின் பட்டி பார்த்தால் மறைந்துவிடும்.

நீளமான வெடிப்பு

வெடிப்பு ஓடும் திசையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உத்திரத்தின் அடியில் கிடையாக, அல்லது தூணை ஒட்டிச் செங்குத்தாக நேர்கோட்டில் ஓடினால், கான்கிரீட்டும் கல்லும் சேரும் இணைப்பு அது. வெப்பத்திலும் ஈரத்திலும் இரண்டும் வெவ்வேறு அளவில் நீளும், சுருங்கும். பூசுவதற்கு முன் இணைப்பின் இருபுறமும் 10 முதல் 15 செ.மீ. படியும்படி கம்பி வலை அடிக்க வேண்டும். வலை சுவரோடு ஒட்டிக் கிடந்தால் பயனில்லை, சில மி.மீ. விலகி நின்று பூச்சின் நடுவில் புதைந்தால்தான் அது இழுவையைத் தாங்கும்.

ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினால், திறப்பின் மூலையில் இழுவை கூடும் இடம். மூலைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வலைத்துண்டு வைத்துப் பூச வேண்டும்.

சுவிட்ச் பெட்டியிலிருந்து மேலே நேராகப் போனால், பைப் பதிக்க வெட்டிய காடி. பைப் மேலாகக் கிடக்கிறது. காடி ஆழமாக வெட்டி, பைப்பின் மேல் குறைந்தது 10 மி.மீ. கலவை மூடும்படி நிரப்பி, அது இறுகிய பின் வலை வைத்துப் பூச வேண்டும். காடியை அடைப்பதும் சுவரைப் பூசுவதும் ஒரே மூச்சில் நடந்தால் ஆழமான பகுதி அதிகம் சுருங்கி, கோடு விழும்.

திசையே இல்லாமல் அங்கங்கே கிளைவிட்டு, நகம் நுழையும் அகலத்தில் இருந்தால் சுருக்க வெடிப்பு. சிமெண்ட் அதிகம், கனம் அதிகம், மணலில் வண்டல் அதிகம், இந்த மூன்றில் ஒன்று. இங்கே மழைக்கு நனைந்த மணலை மறந்துவிடாதீர்கள். லேசான ஈரம் உள்ள நுண்மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பி நிற்கும். பெட்டி நிறைய அளந்தும் உள்ளே மணல் குறைவு; 1:6 என்று நினைத்துப் போட்டது 1:5க்கும் கீழே போயிருக்கும். ஈர மணலானால் பெட்டிக்கு மேல் கால்பங்கு கூட்டிப் போடுங்கள்.

வண்டலைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குடுவை போதும். பாதிக்கு மேல் மணல், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் சேற்றுப் படலம் மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவாமல் பூச்சுக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறி, சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் தெரியும் வெடிப்பு பூச்சுக் கோளாறே இல்லை, கட்டடம் அசைகிறது. இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பூசி மறைக்காமல் பொறியாளரிடம் காட்டுங்கள்.

தட்டினால் பொக்கையாக ஒலிக்கிறது

கரணையின் மரப்பிடியால் ஓரடிக்கு ஓரிடம் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் 'டக்' என்று ஒலிக்கும். பிரிந்த இடம் 'டொப்' என்று பெட்டியைத் தட்டியதுபோல் ஒலிக்கும். பிரிந்த எல்லையைச் சாக்பீஸால் சுற்றிக் கோடிடுங்கள்.

உள்ளங்கை அளவுக்குள், வெடிப்பு இல்லாமல், சுவரில் இருந்தால் விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. அதைவிடப் பெரியது, ஓரத்தில் வெடிப்பு உள்ளது, கூரையில் எவ்வளவு சிறியதானாலும், கட்டாயம் எடுக்க வேண்டும். கூரைப் பூச்சு தலையில் விழும்.

எடுக்கும் முறை: குறித்த எல்லைக்கு 5 செ.மீ. வெளியே சதுரமாகக் கட்டர் போட்டு, பூச்சின் முழு ஆழத்துக்கு வெட்டுங்கள். உள்ளே கொத்தி எடுத்து, அடிச்சுவரைப் பாருங்கள், இங்கேதான் காரணம் இருக்கிறது. கான்கிரீட் வழவழவென்று இருந்தால் 3 மி.மீ. ஆழத்தில், இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியில் கொத்துப் போடுங்கள். கான்கிரீட் வார்த்த பலகைக்குத் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். செங்கல்லானால் இணைப்புகளை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். பிறகு சிமெண்டும் பெருமணலும் 1:2 விகிதத்தில் தண்ணீராகக் கலந்து வீசித் தெளித்து, சொரசொரப்பாக ஒரு நாள் இறுக விடுங்கள். மறுநாள் நனைத்து, பழைய பூச்சின் அதே விகிதத்தில் நிரப்புங்கள். உறுதியாக இருக்கட்டும் என்று 1:3 போட்டால் ஒட்டுப்போட்ட இடம் சுருங்கி, சுற்றிலும் சதுரமாக வெடிக்கும்.

வெளிச்சுவரில் இரண்டு பூச்சுக்கு நடுவே பிரிந்திருந்தால், முதல் பூச்சு ஈரமாக இருந்தபோது அலைகோடு கீறிவிடவில்லை, அல்லது மேல்பூச்சு கீழ்ப்பூச்சைவிடக் கெட்டியான கலவை. மேலே போகப் போகக் கலவை வலுவும் கனமும் கூடவே கூடாது.

கையால் தேய்த்தால் தூள் வருகிறது

ஆணியால் கீறிப் பாருங்கள். மேலே ஒரு மி.மீ. மட்டும் மென்மை, அதன் கீழே கெட்டி என்றால் தண்ணீர் ஆற்றாததுதான். பூசிய மறுநாள் தொடங்கி ஏழு நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டானால் பத்து நாள், சுவர் காயாமல் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை என்ற கணக்கு உதவாது. காற்றடிக்கும் நாளில் நான்கு முறை கூட ஆகலாம்.

முழு ஆழமும் ஆணிக்கு வழிவிட்டால் கலவையே செத்தது: இறுகிய பின் தண்ணீர் விட்டுக் கிளறியது, கட்டி பிடித்த பழைய சிமெண்ட், அல்லது வண்டல். எடுத்துவிட்டுப் பூசுங்கள், மேலே எந்தத் திரவம் அடித்தாலும் அது நிற்காது.

வெள்ளைப் பூப்பும் சின்னக் குழிகளும்

வெள்ளையாகப் பூப்பது உப்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துக் கூட்டுங்கள், பிறகு நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தரையிலிருந்து ஒரே உயரக் கோட்டுக்கு நின்றால் ஓதம் (தரை ஈரம்) ஏறுகிறது. ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் பைப் அல்லது பின்னால் குளியலறை. நீரை நிறுத்தாமல் பெயிண்ட் அடித்தால் பெயிண்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

கூம்பு வடிவில் சின்னக் குழி பெயர்ந்து, அடியில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அது நீறாத சுண்ணாம்புத் துணுக்கு. பூச்சுக்குள் நீர் பட்டு ஊதி வெடிக்கிறது. மணலிலோ செங்கல்லிலோ இருந்திருக்கும். புதிதாகப் பெயர்வது நின்ற பிறகு குழிகளைச் சுரண்டி அடையுங்கள். அதற்கு முன் அடைத்தால் பக்கத்தில் வெடித்துக்கொண்டே இருக்கும்.

ஜிப்சம் பூச்சு கையில் இருக்கும்போதே இறுகுகிறது

வாளியைப் பாருங்கள். முந்தைய கலவையின் காய்ந்த துகள் ஒட்டியிருந்தால் அது புதிய கலவையை வேகமாக இறுக்கிவிடும். ஒவ்வொரு முறையும் வாளி, கலக்கும் கம்பி, கரணை மூன்றையும் கழுவுங்கள். தண்ணீரில் தூளைப் போட வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். ஜிப்சத்துக்குத் தண்ணீர் ஆற்றக் கூடாது; குளியலறையிலும் வெளிச்சுவரிலும் அதைப் பூசவும் கூடாது.

விரல் நுனி எரிகிறது, தோல் ஓட்டை விழுகிறது

இதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச் சிமெண்ட் கடும் காரம். தோலைப் புண்ணாக்கும், வலி பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே தெரியும். கையுறை போடுங்கள், உள்ளே கலவை போனால் உடனே கழற்றிக் கழுவுங்கள், உள்ளே ஈரச் சிமெண்டோடு கையுறை மாட்டியிருப்பது வெறுங்கையைவிட மோசம். நனைந்த முழங்கால் துணியோடு நாள் முழுக்க மண்டியிடாதீர்கள். கூரை பூசும்போது கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்தால் கசக்காமல், சுத்தமான ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் இமையை விரித்துக் கழுவி, நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்; பாதியில் நிற்கும் பூச்சைப் பிறகு கொத்தி எடுத்துக்கொள்ளலாம்.